வில்மோரின் நான்காவது வீடு

"இந்த வீடு அவருடையது இல்லை என்று நினைக்கிறேன்" என்று அந்த அம்மாள் என் காதருகே ஆங்கிலத்தில் சொன்னார். பக்கத்தில் இருந்தவர்களுக்குக்கூடக் கேட்காத குரலில்தான் சொன்னார். என் கையில் அரபுக் காப்பியான காவா குவளை. கைப்பிடி இல்லாத சின்னக் குவளை. சூடு விரலில் ஏறியது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

பஹ்ரைனின் முஹாரக்கில் ஒரு பழைய வீட்டின் முன்கூடம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். தொப்பியும் கேமராவுமாக இருபது பேர் பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருந்தார்கள். மாடியின் மர வராந்தாவில் ஏழெட்டுக் கைலிகள் காய்ந்தன. வீட்டுக்காரர் ஹாஜி யூசுஃப் எதிரே உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பத்து நிமிடத்துக்கு முன்புதான் நான் வாசலில் நின்று, கையை உயர்த்தி, "இது வில்மோரின் நான்காவது கட்டிடம்" என்று சொல்லி முடித்திருந்தேன். நாலு வருடமாகச் சொல்லிவந்த வாக்கியம் அது. காதில் சொன்ன அம்மாள் வில்மோரின் கொள்ளுப்பேத்தி. இங்கிலாந்திலிருந்து விடுமுறைக்கு வந்தவர்.

அந்த நேரத்தில் என் மனதில் என்ன தோன்றியது என்று வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பயம் வரவில்லை. "அப்பாடா" என்று இருந்தது.

கைடு ஆன கதை

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார்: "நீங்கள் டிராயிங் போடுகிறவர் என்றுதானே இத்தனை வாரமாகச் சொன்னீர்கள், ஊர் சுற்றிக் காட்டும் வேலை எங்கிருந்து வந்தது?" நியாயமான கேள்வி. நானும் அதைத்தான் பல வெள்ளிக்கிழமைகளில் என்னிடமே கேட்டுக்கொண்டேன்.

பஹ்ரைனில் ஒரு கட்டிட ஆலோசனை ஆபீசில் நான் டிராஃப்ட்ஸ்வுமன். நாகர்கோவிலில் படித்த படிப்பு. என் கணவர் ஸ்டீபன் ஏ.சி. டெக்னீஷியன். மகள் ஈசா டவுனில் இந்தியப் பள்ளியில் படித்ததால் வீடும் அங்கேயே. நாங்கள் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அந்த வழக்கை நான் முன்பே இந்தத் தொடரில் வாதாடித் தோற்றிருக்கிறேன், மறுபடியும் எடுக்கவில்லை.

எங்கள் ஆபீசுக்கு மிசஸ் ஹோல்ட் என்று ஒரு ஆங்கிலேய அம்மாள் வருவார். யாரோ ஒரு வங்கி அதிகாரியின் மனைவி. அறுபது வயதுக்கு மேல். ஒல்லி. எப்போதும் குடை. வெள்ளைக்கார நண்பர்களைச் சேர்த்து, வெள்ளிக்கிழமை காலையில் பழைய தெருக்களில் நடப்பதும், மாதம் ஒருமுறை கிளப்பில் படம் காட்டிப் பேசுவதும் அவருடைய பொழுதுபோக்கு. அவருடைய தெய்வம் வில்மோர்.

இந்த வில்மோர் விக்டோரியா மகாராணி காலத்து ஆள். பம்பாயில் கட்டிடம் வரைந்துகொண்டிருந்தவர். ஏதோ ஒரு கப்பல் கம்பெனிக்காரர் கூப்பிட்டு இந்தத் தீவுக்கு ஒரு குளிர்காலம் வந்து, மூன்று கட்டிடங்களுக்குப் படம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாராம். ஒரு கிடங்கு, ஒரு அலுவலகம், ஒரு டாக்டர் வீடு. பம்பாய் வளைவும் அரபு முற்றமும் கலந்த கட்டிடங்கள். நன்றாகத்தான் இருக்கும், பொய் சொல்லக் கூடாது.

அந்த மூன்றையும் அளந்து வரைந்து தரும்படி மிசஸ் ஹோல்ட் எங்கள் முதலாளியிடம் கேட்டார். முதலாளி தலையாட்டினார். வேலை என் தலையில் விழுந்தது. டேப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் புறா எச்சத்தில் நடந்தேன்.

ஒரு வியாழக்கிழமைத் தவறு

வரைபடத்தின் வலது கீழ் மூலையில் ஒரு கட்டம் இருக்கும். கட்டிடத்தின் பெயர், மனை எண், வரைந்தவர், சரிபார்த்தவர், ஆர்க்கிடெக்ட் எல்லாம் அதற்குள் வரும். எங்களுக்கு அது டைட்டில் பிளாக். கம்ப்யூட்டரில் வரைகிற எவரும் அதை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுவதில்லை. பழைய படத்தைத் திறந்து, வேறு பெயரில் சேமித்து, மாற்ற வேண்டியதை மட்டும் மாற்றுவோம். எங்கள் தொழிலில் நடக்கும் பாதித் தவறுகள் இங்கே பிறப்பவைதான். ஒருமுறை ஒரு பள்ளிவாசல் படத்தில் "கோழிப் பண்ணை" என்று போய், வரைந்த பையனை நாங்கள் ஒரு வருடம் ஓட்டினோம்.

அதே மாதம் ஹாஜி யூசுஃபின் மகன்கள் எங்கள் ஆபீசுக்கு வந்தார்கள். முஹாரக்கில் உள்ள பழைய வீட்டை இடித்து ஃபிளாட் கட்ட வேண்டும், அனுமதிக்கு இருக்கிற வீட்டின் படம் வேண்டும் என்றார்கள். அளந்தேன். வியாழக்கிழமை மதியம், எல்லோரும் கிளம்பும் நேரத்தில், டாக்டர் வீட்டுப் படத்தைத் திறந்து அதில் இதை ஏற்றினேன். வீட்டின் பெயரை மாற்றினேன். மனை எண்ணை மாற்றினேன். "ஆர்க்கிடெக்ட்: வில்மோர், பம்பாய்" என்ற வரி அப்படியே நின்றுவிட்டது.

நான் பார்க்கவில்லை. சரிபார்க்க வேண்டியவர் அதற்குள் பார்க்கிங்கில் இருந்தார்.

சனிக்கிழமை மிசஸ் ஹோல்ட் வந்தபோது அந்தப் படம் பிரிண்டர் தட்டில் கிடந்தது. எடுத்துப் பார்த்தவர் குடையைக் கீழே போட்டுவிட்டார். "நான்காவது!" என்று கத்தினார். அவர் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. ஒரு பிரதியைச் சுருட்டிக்கொண்டு நேரே முஹாரக் போய் வாசல் வளைவைப் பார்த்திருக்கிறார். ஆமாம் ஆமாம், அவரேதான் என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டார்.

வளைவு ஒத்துப்போனதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஹாஜியின் தாத்தா காலத்தில் முத்து விற்கப் பம்பாய்க்குப் போகாதவன் யார்? போனவன் எல்லாம் கண்ணில் பட்ட வளைவை ஊரில் வந்து கட்டினான்.

அடுத்த வெள்ளிக்கிழமை இருபது வெள்ளைக்காரர்கள் ஹாஜி வீட்டு வாசலில் நின்று படம் எடுத்தார்கள். ஹாஜி வெளியே வந்தார். விஷயம் கேட்டார். உள்ளே கூப்பிட்டுக் காவா கொடுத்தார். "பம்பாயிலிருந்து ஒரு படம் வந்ததாக என் அப்பா சொல்வார்" என்று அவரே ஒரு சாட்சியும் சேர்த்துக்கொண்டார். அன்றே மகன்களைக் கூப்பிட்டு, தான் உயிரோடு இருக்கும்வரை இடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

எனக்கு இது தெரிய இரண்டு வாரம் ஆயிற்று. ஃபைலைத் திறந்தேன், அந்த வரியைப் பார்த்தேன்.

மேல்மாடிக்காரர்கள்

சொல்லிவிடுவது என்றுதான் போனேன். நம்புங்கள். ஆபீஸ் முடிந்து, டாக்ஸி பிடித்து, ஹாஜியிடம் நேரில் சொல்லி மன்னிப்புக் கேட்பதற்காகவே போனேன்.

ஹாஜி வெளியே போயிருந்தார். வாசலில் ஒருவன் வலை முடிந்துகொண்டிருந்தான். என் முகத்தையும் கழுத்துச் சிலுவையையும் பார்த்துவிட்டு, "எக்கா, நம்ம பக்கமா?" என்றான். யேசுதாசன். எங்கள் ஊருக்கு அடுத்த கடற்கரை. அவனோடு இன்னும் பதினேழு பேர் அந்த மேல்மாடியில் இருந்தார்கள். எல்லோரும் கடல்காரர்கள். அவர்களுடைய கஃபீல், அதாவது விசா கொடுத்த வள்ளக்காரர், ஹாஜியிடம் மாடியை வாடகைக்கு எடுத்திருந்தார்.

உள்ளே டிரங்குப் பெட்டிகள் பாதி அடுக்கியும் பாதி பிரித்தும் கிடந்தன.

"ஒரு மாசத்துல காலி பண்ணணும்னு சொல்லீட்டாவ எக்கா" என்றான் யேசுதாசன். "கஃபீல் பாலைவனத்துப் பக்கம் கேம்ப்ல போடுதேன்னாரு. அங்கெருந்து பஸ்சு ஆறு மணிக்குத்தான். நாங்க மூணு மணிக்கு எழும்பி வள்ளத்துக்குப் போணும். நடக்குமா? அப்ப பாதிப்பேர ஊருக்கு அனுப்பீருவேன், பாதிப்பேர சைட் வேலைக்கு மாத்திருவேன்னாரு. சிமெண்டு சுமக்கவா நாங்க வந்தோம்? இப்ப கலாஸ், அந்தப் பேச்சே முடிஞ்சிட்டு, யாரும் போவாண்டாம்னு ஹாஜி சொல்லீட்டாரு. யாரோ ஒரு வெள்ளக்காரன் இந்த வீட்டக் கட்டுனானாம். அந்த மனுசன் நல்லா இருக்கணும்."

"செத்துப் போயிட்டான்" என்றேன்.

"அப்ப அவன் ஆத்துமா நல்லா இருக்கணும்."

தேநீர் கொடுத்தார்கள். குடித்தேன். ஹாஜி வருவதற்குள் கிளம்பிவிட்டேன்.

வீட்டில் ஸ்டீபனிடம் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "நீ வேணும்னேவா செஞ்ச? வாய மூடிட்டு இரி. பதினெட்டுக் குடும்பம் பிழைக்குது" என்றார். வாயை மூடிக்கொண்டு இருப்பது சுலபம் என்று அப்போது எனக்கும் தோன்றியது.

ஆத்துமாக்கள் பட்டியல்

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. நவம்பரில் இறந்தவர்களுக்காகப் பூசை வைப்போம். பெயர்களை எழுதிக் கொடுத்தால் கோயிலில் வாசிப்பார்கள். மனாமாவில் வெள்ளிக்கிழமைத் தமிழ்ப் பூசையில் அந்தப் பட்டியல் நீளமாக இருக்கும். ஊரில் இறந்தவர்களுக்கு இங்கிருந்து அழுபவர்கள் நாங்கள்.

அந்த வருடம் உபதேசியார் வாசித்துக்கொண்டே வந்தார். சவரிமுத்து, அந்தோணியம்மாள், மரிய செபஸ்தியான், வில்மோர்.

அவரே ஒரு கணம் நிறுத்திவிட்டுக் காகிதத்தை மூக்கருகே கொண்டுபோனார். பின்வரிசையில் யேசுதாசனும் கூட்டமும் கையைக் கட்டிக்கொண்டு பக்தியாக நின்றார்கள். பூசை முடிந்து உபதேசியார், "இது எந்த ஊர்க்காரர் தம்பி?" என்று கேட்டார். "நம்ம வீட்டு ஆளுதான்" என்றான் யேசுதாசன்.

ஸ்டீபன் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வில்மோர் என்ன சபைக்காரரோ! தமிழில் தன் பெயரைக் கேட்டால் திடுக்கிட்டிருப்பார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நவம்பரிலும் அந்தப் பெயர் வாசிக்கப்பட்டது.

அலுப்பு

மிசஸ் ஹோல்டுக்கு முழங்கால் மடங்காமல் போயிற்று. "உன்னைவிட இந்தக் கட்டிடங்களை யாருக்குத் தெரியும்?" என்று நடையை என்னிடம் ஒப்படைத்தார். முதலாளிக்குப் பெருமை. அடுத்த கோடையில் அந்த அம்மாள் இங்கிலாந்துக்கே போய்விட்டார். நான்காவது வீட்டைக் கண்டுபிடித்தவர் என்ற திருப்தியோடு போனார்.

நான் மாட்டிக்கொண்டேன். நிறுத்தவும் முடியாது. வெள்ளிக்கிழமைக் கூட்டம் வராவிட்டால், "பாருங்கள், வெள்ளைக்காரனே இப்போது வருவதில்லை" என்று மகன்கள் ஹாஜியைப் பிடித்துக்கொள்வார்கள். அவர்கள் காத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை மாதம் இரண்டு நடை. ஒரு பேச்சு. நாலு வருடம்.

வளைகுடாவில் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு வெள்ளிக்கிழமை என்றால் என்ன என்று தெரியுமா? வாரத்துத் துணி, வாரத்து மீன், பூசை, மகளின் பாடம், ஊருக்கு போன். அதற்கு நடுவில் தொப்பியைப் போட்டுக்கொண்டு முஹாரக் போய், சிரித்துக்கொண்டு, தெரிந்தே ஒரு பொய்யைச் சொல்ல வேண்டும்.

முதல் வருடம் நாக்கு கூசியது. இரண்டாவது வருடம் பழகியது. மூன்றாவது வருடம் புது ஆட்கள் வந்தார்கள். கேள்வி கேட்டார்கள். "இதற்கும் டாக்டர் வீட்டுக்கும் நடுவில் அவர் பாணி எப்படி மாறியது?" பதில் கண்டுபிடித்தேன். அந்தப் பதிலை அடுத்த முறையும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு பொய்யை நிற்க வைக்க ஒன்பது முட்டு கொடுத்தேன். கிளப்பில் விளக்கை அணைத்து அந்த வீட்டின் படம் திரையில் வரும்போது, இருட்டில் என் முகம் தெரியாது என்பதுதான் ஒரே ஆறுதல்.

வீட்டுக்கு வந்தால் காலைத் தூக்க முடியாது. நடந்தது ஒரு கிலோமீட்டர்தான். ஸ்டீபன், "டூட்டிக்குப் போனாகூட நீ இப்படிச் சாஞ்சு கிடந்ததில்ல" என்பார்.

யேசுதாசன் எப்போதாவது மீன் கொண்டுவந்து கொடுப்பான். எனக்கு அந்த மீன் இறங்காது. அவனுக்கு உண்மையைச் சொல்லவும் இல்லை.

ஹாஜி கேட்டார்

இப்போது காவா குவளைக்கு வருவோம்.

கொள்ளுப்பேத்தி ஒரு பழைய நோட்டின் நகலை எடுத்து என் மடியில் வைத்தார். வில்மோர் தன் கையாலேயே எழுதிய பட்டியல். வாழ்நாளில் போட்ட வேலைகள் எல்லாம் வருடவாரியாக. பஹ்ரைனுக்கு நேரே மூன்று. கிடங்கு, அலுவலகம், டாக்டர் வீடு. அவ்வளவுதான்.

என் முகத்தில் அவர் என்ன பார்த்தாரோ தெரியவில்லை. மாடிக் கைலிகளைப் பார்த்தார், ஹாஜியைப் பார்த்தார். பிறகு மெல்ல, "பட்டியல் முழுமையானது என்று யார் சொன்னது? நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்றுதான் காட்டினேன்" என்றார். நகலை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டார்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. எவ்வளவு நல்ல மனுஷி! கதவை அவரே சாத்திக் கொடுத்துவிட்டார்.

ஹாஜி பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் வராது. இந்தி தண்ணீர்பட்ட பாடு. "என்ன சொல்றாங்க பஹன், அவங்க தாத்தாவோட வீட்டைப் பத்தி?" என்று, என்னைச் சகோதரியாக்கி, ஆசையாக இந்தியில் கேட்டார்.

"அழகாக இருக்கிறதாம்" என்று சொல்ல வேண்டும். அந்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. இந்தியில் இரண்டே சொல். நாலு வருடத்தில் நான் சொன்ன பொய்களில் இதுதான் மிகச் சின்னது.

"இது அவர் கட்டியது இல்லை என்கிறார்" என்றேன். "உண்மைதான் ஹாஜி. படத்தில் அந்தப் பெயரைத் தவறாக விட்டவள் நான்."

என் குரலைக் கேட்டு எனக்கே ஆச்சரியமாக இருந்தது. சாதாரணமாக, நேரம் கேட்டவருக்கு நேரம் சொல்வதுபோல் வந்தது.

இதை எழுதும்போது நேர்மை, மனசாட்சி என்று நல்ல சொற்கள் கையருகே வந்து நிற்கின்றன. எடுக்க மாட்டேன். நான் உண்மையைச் சொன்னது அலுப்பினால். அந்த வாக்கியத்தை அடுத்த மாதமும் சொல்ல வேண்டும், அதற்கடுத்த மாதமும் சொல்ல வேண்டும் என்று நினைத்தபோது உடம்பு மறுத்துவிட்டது. வேறு காரணம் இல்லை.

ஹாஜி கோபப்படவில்லை. கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். வளைவை, மரக் கதவை, கூரையின் கட்டைகளை.

"அப்படியென்றால் இது என் தாத்தா வீடு" என்றார். "அவ்வளவுதான்."

பிறகு எழுந்து எல்லோருக்கும் இன்னொரு சுற்றுக் காவா ஊற்றினார். கொள்ளுப்பேத்திக்கு நான் சொன்னது புரியவில்லை. ஆனால் ஏதோ உடைந்தது என்று தெரிந்துவிட்டது. போகும்போது என் கையைப் பிடித்து, "ஏன்?" என்று மட்டும் கேட்டார்.

ஹாஜி பிறகு மகன்களிடம் எதிர்த்துப் பேசவில்லை என்று கேள்விப்பட்டேன். தாத்தா வீட்டுக்காக அவர்கள் ஏன் இடிக்காமல் நிற்கப்போகிறார்கள்? ரமலான் முடிந்ததும் மேல்மாடிக்கு நோட்டீஸ் போனது.

கோயில் முற்றத்தில்

என்னைத் திட்ட யாராவது வருவார்கள் என்று காத்திருந்தேன். வரவில்லை. இரண்டு வெள்ளிக்கிழமை பூசைக்குப் போகாமல் இருந்தேன். மூன்றாவது வாரம் ஸ்டீபன் இழுத்துக்கொண்டு போனார்.

முற்றத்தில் யேசுதாசன் நின்றான். இஸ்திரி போட்ட சட்டை. பதினெட்டுப் பேரில் எட்டுப் பேரை சைட் வேலைக்கு மாற்றியிருந்தார்கள். மற்றவர்களுக்கு விசா கேன்சல். அவனுக்குச் செவ்வாய்க்கிழமை ஃபிளைட்.

ஸ்டீபன் விலகிப் போய் நின்றுகொண்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தவறு எப்படி நடந்தது, அன்று தேநீர் குடித்துவிட்டு ஏன் ஓடினேன், நாலு வருடம் என்ன சொன்னேன், கொள்ளுப்பேத்தி நகலை எப்படி மடித்து வைத்தார் எல்லாம். எங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொன்னேன். அவன் தலையைக் குனிந்து கேட்டான்.

"அந்த வெள்ளக்கார அம்மாதான் மறைச்சிட்டாவள்லா" என்றான். "ஹாஜிக்கிட்ட சொன்னது நீங்கதானே. ஏன் எக்கா?"

"சொல்லிச் சொல்லி எனக்குச் சடவா போச்சு யேசுதாசா" என்றேன். சடவு என்றால் எங்கள் பக்கம் களைப்பு. "மாசம் ரெண்டு வெள்ளிக்கிழம. முடியல."

அவன் குரலை உயர்த்தவில்லை.

"எங்களுக்கும் சடவுதான் எக்கா. தெனமும் மூணு மணிக்கு எழும்புனோம். காய்ச்சல்லயும் எழும்புனோம். எனக்க அம்ம செத்த சேதி வந்த அன்னைக்கும் எழும்புனேன். சடவா இருக்குன்னு ஒரு நாளாவது வள்ளத்துல ஏறாம இருந்தமா?"

"இல்லை" என்றேன்.